கடலுக்குத் திரும்பிப் போகும் கற்கள்

தென்காசி மாவட்டம் என்றதும் எல்லோருக்கும் குற்றாலம்தான் நினைவுக்கு வரும். அருவி, சாரல், பார்டர் புரோட்டா. அதே மாவட்டத்தின் வடகிழக்கு மூலையில் இருக்கும் எங்கள் திருவேங்கடத்துக்கு ஒருமுறை வந்து பாருங்கள். சாரல் எங்களை எட்டுவதற்குள் காய்ந்துவிடும். கரிசல் மண், பருத்தி, உளுந்து, மக்காச்சோளம், அங்கங்கே தீப்பெட்டி ஆபீஸ். 2019-ல் திருநெல்வேலியிலிருந்து பிரிந்து தென்காசி தனி மாவட்டம் ஆனபிறகும், எங்களுக்கு நல்லது கெட்டது எல்லாம் கோவில்பட்டி வழிதான்.

கடல் பார்க்க வேண்டுமென்றால் கோவில்பட்டியில் பஸ் மாறி, இன்னும் 60 கிலோமீட்டர் போய் தூத்துக்குடியில் இறங்க வேண்டும். அப்படிப்பட்ட ஊரில், ஒரு வீட்டின் முன்னறையில் இப்போது 250 லிட்டர் கடல் இருக்கிறது.

வைத்திருப்பவன் என் அண்ணன் மகன். நான்கடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத்தில் கண்ணாடித் தொட்டி. கடல் மீன் வளர்ப்பவர்களுக்கென்று விற்கும் உப்புக் கலவையைச் சுத்திகரித்த தண்ணீரில் கரைத்து, லிட்டருக்கு 35 கிராம் என்று அளந்து வைத்திருக்கிறான். “குடிதண்ணிக்கே லாரி வருமானு பாத்துக்கிட்டு கெடக்கோம், இவன் நல்ல தண்ணில உப்பைக் கொட்டுதான்” என்று மதினி புலம்பாத நாள் இல்லை.

தொட்டியும் தண்ணீரும் பம்பும் காசு கொடுத்தால் வந்துவிடும். கல்தான் அவனை ஆறு மாதம் அலைய வைத்தது. அந்த அலைச்சலில் நானும் சேர்ந்துகொண்டேன். திருவேங்கடத்தில் தொடங்கிய அது, தூத்துக்குடி வழியாக தனுஷ்கோடி வரைக்கும் எங்களைக் கொண்டுபோய் விட்டது.

கடல் தொட்டிக்குக் கல் அழகுக்கு மட்டும் இல்லை. மீனின் கழிவிலிருந்து அம்மோனியா உருவாகும். அது மீனுக்கு விஷம். கல்லின் நுண்துளைகளில் குடியேறும் பாக்டீரியாக்கள்தான் அந்த அம்மோனியாவை முதலில் நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவாகத் தீங்கு செய்யாத நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இந்தக் குடியேற்றம் முடிய நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை மீன் விடக்கூடாது. ஆகவே கல் என்பது பாக்டீரியாவுக்கு வீடு, மீனுக்கு ஒளியிடம், பவளத்துக்கு அஸ்திவாரம்.

பையன் முதலில் குற்றாலத்துக் கூழாங்கல்லைக் கொண்டுவந்தான். மாவட்டப் பாசம்! ஆனால் தண்ணீரில் உருண்டு உருண்டு வழுவழுப்பான கல்லில் துளை ஏது? அடுத்து கழுகுமலைப் பக்கத்துப் பாறைச் சில்லு. பாண்டியர் காலத்தில், எட்டாம் நூற்றாண்டில், ஒரே மலையை மேலிருந்து கீழாகக் குடைந்து வெட்டுவான் கோயிலைச் செதுக்கிய பாறை அது. சிற்பத்துக்கு அதைவிட நல்ல கல் இருக்க முடியாது. மீன் தொட்டிக்கு அந்த உறுதியே ஆகாது. இறுகிப்போன கல், உள்ளே காற்றுக்கூடப் புகாது.

அந்தச் சமயத்தில்தான் அவன் போனுக்கு ஒரு போட்டோ வந்தது. யாரோ ஒரு வியாபாரி. வெள்ளையும் ஊதாவுமாக, துளைத் துளையாக, அச்சு அசல் கடல் கல். கிலோக் கணக்கில் விலை. “உயிருள்ள கல், உடனே செட் ஆகும்” என்று ஒரு வரி வேறு. பையனுக்குக் கண் விரிந்துவிட்டது.

எனக்குச் சந்தேகம். விசாரித்துப் பார்த்ததில், நல்லவேளை, பணம் போகவில்லை. நம் நாட்டில் கல் பவளங்கள் அனைத்தையும், கடல் விசிறிகளையும் 2001-ல் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்துவிட்டார்கள். புலிக்கும் யானைக்கும் என்ன பாதுகாப்போ, அதே பாதுகாப்பு. கடலிலிருந்து எடுப்பது மட்டுமல்ல, விற்பதும் வாங்குவதும் வீட்டில் வைத்திருப்பதும் குற்றம். செத்து வெளுத்துப்போன பவளத் துண்டுக்கும் இது பொருந்தும். மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை. கண்காட்சிக் கடையில் யாராவது வெள்ளைப் பவளப் பூ என்று நீட்டினால் கையை மடக்கிக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டு வீடியோக்களில் தொட்டி நிறையப் பவளம் வைத்திருக்கிறார்களே என்றால், அவர்களில் பலர் பண்ணையில் துண்டு போட்டு வளர்த்த பவளத்தை வாங்குகிறார்கள். நம் வீட்டுக்கு அந்தக் கதை சரிப்படாது.

சரி, கல்லுக்கு என்ன செய்வது? செய்துகொள்வதுதான். இதற்கென்று உலகம் முழுக்க மீன் வளர்ப்பவர்களிடம் ஒரு பக்குவம் இருக்கிறது. வெள்ளை சிமென்ட் ஒரு பங்கு, பொடித்த சிப்பி இரண்டு பங்கு, கல் உப்பு இரண்டு பங்கு. உப்பு எதற்கு என்கிறீர்களா? இறுகிய பிறகு தண்ணீரில் ஊறப்போட்டால் உப்பு கரைந்து வெளியேறும். அது இருந்த இடமெல்லாம் துளை. கல்லே கடற்பஞ்சு மாதிரி ஆகிவிடும்.

எங்கள் தெருக் கொத்தனார் அண்ணாச்சியிடம் சொன்னபோது ஒரு நிமிஷம் எங்களை மேலும் கீழும் பார்த்தார். “சிமென்ட்ல உப்பு சேந்துரக் கூடாதுனு முப்பது வருசமா காவல் காக்கேன். நீங்க உப்பையே கலக்கச் சொல்லுதீகளா?” ஆனாலும் கை வைத்தார். சிப்பித் தூள் கோழித்தீவனக் கடையில் கிடைத்தது. கல் உப்புக்குத் தூத்துக்குடி மாவட்டம் பக்கத்தில் இருக்கும்போது கவலை என்ன? ஈர மணலில் கையால் குழி பறித்து அதுதான் அச்சு. உள்ளே பி.வி.சி. குழாய்த் துண்டுகளைச் செருகி, பிறகு உருவி எடுத்து, குகை குகையாகப் பதினான்கு கற்கள் வார்த்தார்கள்.

புது சிமென்ட் தண்ணீரில் சுண்ணாம்பைக் கக்கும். காரத்தன்மை தாறுமாறாக ஏறும். கடல்நீரின் பி.எச். 8.2 அளவில் இருக்க வேண்டும். சிமென்ட் ஊறிய தண்ணீரோ 11-ஐத் தாண்டும். அந்தத் தண்ணீரில் மீனை விட்டால் பிழைக்காது. அதனால் கற்களை ட்ரம்மில் போட்டு, தண்ணீரை மாற்றி மாற்றி இரண்டு மாதம் ஊறவைத்தான். மாற்றிய தண்ணீர் எல்லாம் தெருவோர உடைமரத்துக்குப் போனது. அந்த மரம் இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது, அதற்கு எதுவும் ஆகாது!

சுவர் எழுப்பாதே, வழி விடு

கல் அடுக்குவது வேலையே இல்லை என்று நினைத்திருந்தோம். பையன் முதல் நாள் பின்பக்கக் கண்ணாடியோடு ஒட்டி, கிணற்றுக்குக் கட்டுவதுபோல ஒரு சுவர் கட்டினான். பார்க்க நிறைவாக இருந்தது. தண்ணீர் ஊற்றி, பம்பைப் போட்டு, சோதனைக்கு ஒரு சிட்டிகை மீன் தீனியைப் போட்டான். தீனி முழுக்கச் சுவருக்குப் பின்னால் போய்ப் படிந்தது. எடுக்க வழியில்லை. அங்கே தண்ணீரும் ஓடவில்லை. நாளைக்கு மீன் கழிவும் இப்படித்தான் தேங்கி அழுகும்.

பிரித்துவிட்டு, இரண்டு குன்றாக அடுக்கினான். இடப்பக்கம் பெரியது, வலப்பக்கம் சிறியது, நடுவே ஒரு பள்ளத்தாக்கு. எல்லாப் பக்கமும் கண்ணாடியிலிருந்து மூன்று விரல் இடைவெளி. பாசி சுரண்டக் கை போக வேண்டுமே. கற்களை மணல் மேல் வைக்காமல், தொட்டியின் அடியில் மெல்லிய பிளாஸ்டிக் தகடு போட்டு அதன் மேல் வைத்து, கடைசியில் மணலைக் கொட்டினான். சில மீன்களும் இறால்களும் மணலைத் தோண்டும் குணம் உள்ளவை. மணல் மேல் நிற்கும் கல் ஒருநாள் சரியும், சரிந்தால் கண்ணாடி போச்சு. மேல்கற்களைத் துளையிட்டு உள்ளே குச்சி கொடுத்து இணைத்தான். முன்பெல்லாம் 100 லிட்டருக்குப் 12 கிலோ கல் வேண்டும் என்று ஒரு கணக்குச் சொல்வார்களாம். நல்ல துளையுள்ள கல்லாக இருந்தால் அதில் பாதி போதும். இவன் ஐந்து கல்லை வெளியிலேயே நிறுத்திவிட்டான்.

பவளம் வைக்கும் நாடுகளில் இன்னும் இரண்டு விதி பார்ப்பார்கள். ஒன்று வெளிச்சம். பவளம் ஒரு பிராணி. ஆனால் அதன் திசுவுக்குள் குடியிருக்கும் ஒற்றைச் செல் பாசிதான் வெயிலில் சமைத்து அதற்குப் பெரும்பங்கு சோறு போடுகிறது. ஆகவே வெளிச்சப் பிரியர்கள் குன்றின் உச்சியில், மங்கலில் வாழ்பவை அடிவாரத்தில். மற்றொன்று பக்கத்து வீட்டுச் சண்டை. சில பவளங்கள் ராத்திரியில் நீளமான உணர்கொம்புகளை நீட்டி, எட்டுகிற தூரத்தில் இருக்கும் வேற்றுப் பவளத்தைச் சுட்டுக் கொன்றுவிடும். ஒரு சாண் இடைவெளி அவசியம்.

பையன் தொட்டியில் பவளம் இல்லை. இரண்டு கோமாளி மீன்கள் இருக்கின்றன, கடலில் பிடித்தவை அல்ல, தொட்டியில் பிறந்தவை. இவற்றை அப்படி வளர்த்தெடுக்கும் முறையை நம் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையமே உருவாக்கியிருக்கிறது.

தூத்துக்குடியில் அதே வேலை, டன் கணக்கில்

இந்தச் சிமென்ட் கல் கதையைக் கேட்ட தூத்துக்குடி நண்பர் சிரித்தார். “இதைத்தானே இங்க கடலுக்குள்ள செய்யுதாங்க!” அடுத்த ஞாயிற்றுக்கிழமையே சித்தப்பனும் மகனும் கிளம்பிவிட்டோம்.

இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே கரையோரமாக 21 தீவுகள். 1986-ல் இவற்றையும் சுற்றியுள்ள கடலையும் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். 1989-ல் மன்னார் வளைகுடா உயிர்க்கோளக் காப்பகம் வந்தது. தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறைகள், நூற்றுக்கும் மேற்பட்ட இனங்கள். இந்தக் கரையில் கடலடிப் பாறைத் திட்டைப் ‘பார்’ என்பார்கள். முத்துக் குளித்த காலத்துச் சொல்.

21 என்று பாடப்புத்தகத்தில் படித்துவிட்டு இப்போது எண்ணப் போனால் கணக்கு உதைக்கும். விலாங்குசல்லி, பூவரசன்பட்டி இரண்டும் கடலுக்குள் போய்விட்டன. காரணத்தில் முக்கியமானது கல் எடுப்பு. சுண்ணாம்புக் காளவாசலுக்கும், கார்பைடு தயாரிக்கவும், வீடு கட்டவும் பல பத்தாண்டுகள் படகு படகாகப் பவளக் கல்லை வெட்டி எடுத்தார்கள். பவளப்பாறை என்பது தீவுக்கு மதில். அலை அதில் மோதி வேகம் குறைந்து வரும். மதிலை எடுத்தபின் அலை நேராக மணலில் மோதியது, மணல் கரைந்தது. எடுத்தவர்களையே குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தச் சுண்ணாம்பை வாங்கி வெள்ளையடித்த சுவர்கள் உள்நாட்டில்தானே இருந்தன.

தூத்துக்குடிக்கு மிக அருகில் உள்ள வான் தீவும் அதே வழியில் போய்க்கொண்டிருந்தது. 1969-ல் 20 ஹெக்டேர் இருந்த தீவு, 2015 வாக்கில் இரண்டு ஹெக்டேர்கூட இல்லை. அப்போதுதான் கல்லைத் திருப்பி வைக்கும் வேலை ஆரம்பித்தது. தமிழக அரசின் திட்டம். சரிவகம் போன்ற வடிவில், அடி அகலமாக, மேலே குறுகலாக, பக்கமெல்லாம் துளை போட்ட சிமென்ட் கற்கள். ஒவ்வொன்றும் டன் கணக்கில் எடை. 2015 கடைசியில் தொடங்கிப் பல கட்டங்களாக 10,600 கற்களைத் தீவைச் சுற்றிக் கடலடியில் இறக்கினார்கள். தீவு கரைவது நின்று, கொஞ்சம் மணலும் சேர ஆரம்பித்தது. கற்களில் பவளக் குஞ்சுகள் தாமாக வந்து ஒட்டின. மீன்கள் புகுந்தன. இப்போது காரியாச்சல்லி தீவுக்கும் இதே மாதிரி வேலை.

தீவுக்குள் அனுமதியின்றிப் போக முடியாது, அது சரிதான். பல வருடம் முக்குளித்துப் பழகிய ஒருவர் கடற்கரையில் உட்கார்ந்து எங்களுக்கு மணலில் படம் வரைந்து காட்டினார். பையன் கேட்ட முதல் கேள்வியே, “ஏன் அண்ணாச்சி, துளை போடாம கெட்டியா வச்சா அலையை இன்னும் நல்லாத் தடுக்கும்லா?”

“தடுக்கும். தடுத்தா அலை அங்கயே அடியில மண்ணைப் பறிக்கும், கல்லு புதைஞ்சு போகும். துளை இருந்தா பாதி அலை நுழைஞ்சு நொறுங்கிப் போகும். பெறவு, கலங்கல்ல வர்ற மண்ணு தட்டையான இடத்துலதான் படியும். சரிவா இருந்தா வழுக்கிக்கிட்டுப் போயிரும். பவளக் குஞ்சுக்கு மண்ணு ஆகாதுல்லா தம்பி.”

பையன் என்னைப் பார்த்தான். சுவர் கட்டிய நாள் அவனுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

பவளத்தின் குஞ்சு, ஊசிமுனை அளவில் நீந்தித் திரியும். ஒருமுறை கெட்டியான இடத்தில் ஒட்டிக்கொண்டால் அவ்வளவுதான், ஆயுசு முழுக்க அங்கேதான். அது தேடுவது மேல்தளத்தை அல்ல. இடுக்கு, துளையின் விளிம்பு, கல்லின் அடிப்புறம், இங்கெல்லாம்தான் மண் மூடாது, மேய்கிற மீனின் வாய் படாது.

தானாக வந்து ஒட்டுவதற்குக் காத்திராமல் நட்டு வளர்க்கும் வேலையும் இங்கே நடக்கிறது. தூத்துக்குடியில் உள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையத்தினர் 2002-லிருந்து இதைச் செய்துவருகிறார்கள். நலமாக உள்ள பவளத்திலிருந்து சிறு துண்டுகளை எடுத்து, சிமென்ட் பலகையில் கட்டி, பலகைகளைச் சிமென்ட் சட்டத்தில் பொருத்திக் கடலடியில் வைக்கிறார்கள். கரும்புக் கரணை நடுவது மாதிரிதான். கிளை விடும் வகைகள் ஆண்டுக்குப் பத்து சென்டிமீட்டர்கூட வளரும். உருண்டையாக வளரும் மூளைப் பவளம் ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தாலே அதிகம். வான் தீவின் கல்லை வெட்டி எடுக்க ஒரு மதியம் போதுமாக இருந்திருக்கும்.

எல்லாம் நல்லபடியாகப் போகிறது என்று சொல்லிவிட ஆசைதான். ஆனால் கல்லைச் சரியாக வைத்தாலும் தண்ணீர் சுட்டால் பவளம் தாங்காது. மன்னார் வளைகுடாவில் கடல்நீர் 30 டிகிரியைத் தாண்டி நீடித்தால், பவளம் தன் உடம்பில் உள்ள பாசியை வெளியேற்றிவிட்டு வெளுத்துப்போகும். சூடு சீக்கிரம் தணிந்தால் மீளும், இல்லையேல் பட்டினியில் சாகும். 2016 கோடையில் அப்படி நடந்து, உயிருள்ள பவளப் பரப்பு சுமார் 39 சதவீதத்திலிருந்து 23 சதவீதமாக அந்த ஒரே ஆண்டில் இறங்கியது. பையன் தொட்டிக்குச் சூடு தணிக்க மேலே ஒரு மின்விசிறி வைத்திருக்கிறான். கடலுக்கு யார் விசிறுவது?

மதியம் புரோட்டா, வாங்கிக்கொண்டது அரைக் கிலோ மக்ரூன். தூத்துக்குடிக்குப் போய் அது இல்லாமல் திரும்பினால் மதினி கதவைத் திறக்க மாட்டார்.

வைப்பாறு கொண்டுவரும் எங்கள் மண்

அடுத்த பயணம் மாசி மாதத்தில். தூத்துக்குடியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் குளத்தூர், வைப்பாறு, வேம்பார், சாயல்குடி, ஏர்வாடி, கீழக்கரை. வலப்பக்கம் எங்கேயோ கடல், இருபுறமும் உடைமரமும் பனையும். வேம்பாரைத் தாண்டினால் கருப்பட்டி வாசனை.

வைப்பாற்றுப் பாலத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னேன். மணலும் முள்ளுமாகக் கிடந்தது ஆறு. ஆனால் இது எங்கள் ஆறு. மேற்கே மலையடிவாரத்தில் தொடங்கி, எங்கள் பக்கத்துக் கரிசலில் பெய்கிற மழைத் தண்ணீரும் நிட்சேப நதி போன்ற கிளைகள் வழியாக இதில்தான் சேர்ந்து, மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. கண்மாய் தூர்ந்து, வரப்பு உடைந்து, ஐப்பசி கார்த்திகையில் வெள்ளம் அடித்துப்போகும் கரிசல் மண் இந்தக் கடலில்தான் போய்க் கலங்கும். முக்குளிப்பவர் சொன்ன ‘கலங்கல்’ எங்கள் ஊரிலிருந்தும் வருகிறது. திருவேங்கடத்தில் கடல் இல்லை என்று இனி நான் சொல்லிக்கொள்ள முடியாது.

பவளத்தைக் கண்ணால் பார்க்க விரும்புகிறவர்களுக்கு நல்ல இடம் குருசடை தீவு. பாம்பன் தீவின் குந்துகாலில் இருந்து வனத்துறை படகு விடுகிறது. 1897-ல் விவேகானந்தர் வந்து இறங்கிய அதே குந்துகால். அடித்தளத்தில் கண்ணாடி பதித்த படகு. காற்று பலமாக இருந்தால் விட மாட்டார்கள், அதனால் கிளம்பும் முன் மண்டபம் வனத்துறை அலுவலகத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள். பிப்ரவரி, மார்ச்சில் தண்ணீர் பெரும்பாலும் தெளிவாக இருக்கும். வெயில் உச்சிக்கு வந்தபின் போனால் அடிவரை தெரியும்.

பெரிதாக எதிர்பார்த்துப் போகாதீர்கள். டி.வி.யில் வருவதுபோல ஊதாவும் மஞ்சளுமாக மின்னாது. பழுப்பும் பச்சையும் கலந்த நிறம்தான், அந்தப் பழுப்புதான் ஆரோக்கியம். உள்ளே பாசி வேலை செய்கிறது என்று அர்த்தம். படகுக்கு அடியில் மான்கொம்பு போன்ற ஒரு பவளத் திட்டு நகர்ந்து போனபோது, அதன் கிளை இடுக்கிலிருந்து கோடு போட்ட சின்ன மீன்கள் வெளியே வருவதும், படகு நிழல் பட்டதும் ஒரே நொடியில் உள்ளே மறைவதுமாக இருந்தன. எங்களோடு வந்த ஒரு பாட்டி, “கண்ணாடியை எடுத்துட்டா தொட்டுப் பாக்கலாம்ல” என்றார். படகோட்டி, “ஆத்தா, தொட்டா அதுக்கு ஆகாது” என்றார். கால் வைப்பது, உடைப்பது, நங்கூரம் போடுவது எதற்கும் அனுமதி இல்லை.

திரும்பும் வழியில் மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மீன் காட்சியகம் இருக்கிறது. குழந்தைகளோடு போகிறவர்கள் விடாதீர்கள்.

நேரம் இருந்ததால் தனுஷ்கோடி வரை போனோம். 1964 டிசம்பர் புயலில் அழிந்த ஊர். எல்லோரும் செல்ஃபி எடுக்கும் அந்தப் பழைய சர்ச் சுவரின் பக்கத்தில் போய், படம் எடுப்பதை விட்டுவிட்டுக் கல்லை உற்றுப் பாருங்கள். அது பவளக் கல். பூச்சு உதிர்ந்த இடங்களில் சின்னச் சின்ன நட்சத்திரம் மாதிரி துளைகள், அடுக்கடுக்காக. ஒவ்வொரு துளையிலும் ஒரு காலத்தில் ஓர் உயிர் உட்கார்ந்திருந்தது. பையன் தொடவில்லை. கண்ணை மட்டும் கிட்டே கொண்டுபோய், “உப்பு போட்டு நாம செஞ்ச துளை இவ்வளவு நெருக்கமா வரலையே சித்தப்பா” என்றான். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. ஐந்து மணிக்குமேல் அங்கே யாரையும் இருக்கவிடுவதில்லை என்று போலீஸ்காரர் விசில் ஊதினார்.